கடையில் வாங்கும் எக்நாக்: கலோரி, கொழுப்பு, சர்க்கரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் பிறந்தால் அமெரிக்க மளிகைக் கடைகளில் பால் வைக்கும் குளிர்பெட்டியில் எக்நாக் வந்துவிடும். புத்தாண்டு முடிந்ததும் போய்விடும். பால், கிரீம், சர்க்கரை, முட்டை மஞ்சள் கரு, கொஞ்சம் ஜாதிக்காய் மணம்: இவைதான் அதன் அடிப்படை. பால் கார்ட்டனுக்குப் பக்கத்திலேயே அதே மாதிரி கார்ட்டனில் இருப்பதால், பாலைப் போலவே டம்ளர் நிறைய ஊற்றிக் குடிப்பவர்கள் அதிகம். சிக்கலே அங்கிருந்துதான் தொடங்குகிறது. கீழே வரும் கணக்குகள் மது கலக்காத, முழுக் கொழுப்புள்ள பால் எக்நாக்குக்கானவை. வேறு வகை என்றால் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறோம்.

ஒரு பரிமாறலில் என்னென்ன இருக்கும்?

லேபிளில் 'சர்விங் சைஸ்' என்பது அரைக் கப், அதாவது 120 மி.லி. எடையில் ஏறத்தாழ 127 கிராம். பெரும்பாலான முழுக் கொழுப்பு எக்நாக்கில் இந்த அளவுக்கு 170 முதல் 180 கலோரி, 8 முதல் 9 கிராம் கொழுப்பு, அதில் சுமார் 5 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 20 கிராமை ஒட்டிய சர்க்கரை, 4 முதல் 5 கிராம் புரதம், 50 முதல் 75 மி.கி. கொலஸ்ட்ரால் இருக்கும். பிராண்டுக்குப் பிராண்டு கொஞ்சம் மாறும். ஆனால் ஒரு எல்லைக்குக் கீழே போக முடியாது, காரணம் சட்டம்.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 'எக்நாக்' என்ற பெயருக்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது. பால் கொழுப்பு 6 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கொழுப்பு நீங்கிய பால் திடப்பொருள் (பாலில் தண்ணீரும் கொழுப்பும் போக மிஞ்சுவது) 8.25 சதவீதமாவது இருக்க வேண்டும். முட்டை மஞ்சள் கருவின் திடப்பொருள் எடையில் 1 சதவீதமாவது இருக்க வேண்டும். இந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டு லேபிளைப் பார்க்காமலே கணக்குப் போடலாம். 127 கிராமில் 6 சதவீதம் என்றால் பால் கொழுப்பு மட்டும் 7.6 கிராம். மஞ்சள் கருவிலிருந்து இன்னும் முக்கால் கிராம் வரும். மொத்தம் 8.3 கிராம் கொழுப்பு, 75 கலோரி. புரதம் 4.4 கிராம், 18 கலோரி. சர்க்கரை 20 கிராம் என்று வைத்தால் 80 கலோரி. கூட்டினால் 173. கார்ட்டனில் அச்சிட்டிருப்பதும் இதையொட்டியே இருக்கும்.

இணையத்தில் தேடினால் ஒரு கப்புக்கு 224 கலோரி என்று வருகிறது. என் கார்ட்டனில் அரைக் கப்புக்கே 170 என்றிருக்கிறது. எது சரி?

உங்கள் கையில் இருக்கும் கார்ட்டன்தான் சரி. 224 என்ற எண் அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுத் தரவுப் பட்டியலில் இருப்பது. ஒரு கப், 254 கிராம் எக்நாக்குக்கு 224 கலோரி, 10.6 கிராம் கொழுப்பு, 11.6 கிராம் புரதம், 20.4 கிராம் மாவுச்சத்து (சர்க்கரையும் சேர்ந்த கார்போஹைட்ரேட்) என்று அது சொல்கிறது. இப்போது அந்தக் கொழுப்பை எடையால் வகுத்துப் பாருங்கள்: 4.2 சதவீதம்தான் வருகிறது. சட்டம் கேட்பது 6 சதவீதம். ஆக, அந்தப் பதிவு கடையில் கிடைக்கும் முழுக் கொழுப்பு எக்நாக்கைக் காட்டவில்லை. கொழுப்பும் சர்க்கரையும் குறைந்த ஒரு வகையைத்தான் காட்டுகிறது. அதே பட்டியலின் பழைய பதிப்புகளில் ஒரு கப்புக்கு 343 கலோரி, 19 கிராம் கொழுப்பு, 34 கிராம் மாவுச்சத்து என்று இருந்தது. அதுதான் இன்றைய கார்ட்டன்களுக்கு நெருக்கமானது.

கலோரி எண்ணும் செயலிகள் பலவும் வேளாண்மைத் துறைப் பட்டியலிலிருந்துதான் எண்களை எடுக்கின்றன. 'எக்நாக், ஒரு கப்' என்று பொதுவாகப் பதிந்தால் உண்மையில் குடித்ததில் மூன்றில் ஒரு பங்கு கணக்கில் வராமல் போகலாம். கார்ட்டனில் உள்ள பார்கோடை ஸ்கேன் செய்யுங்கள், இல்லாவிட்டால் லேபிள் எண்களைக் கையால் பதியுங்கள்.

ஏன் அரைக் கப்? பாலுக்கு ஒரு முழுக் கப்தானே?

பரிமாறும் அளவை நிறுவனம் தன் இஷ்டத்துக்கு வைப்பதில்லை. பாலுக்கு 240 மி.லி., எக்நாக்குக்கு 120 மி.லி. என்று உணவு மருந்து நிர்வாகத்தின் விதியே சொல்கிறது. ஆகவே பால் லேபிளையும் எக்நாக் லேபிளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். முழுக் கொழுப்புப் பால் 240 மி.லி.க்கு 150 கலோரி. எக்நாக் 120 மி.லி.க்கு 170. பார்வைக்குக் கொஞ்சம்தான் கூடுதல். அளவைச் சமமாக்கினால் 150-க்கு எதிரே 340 நிற்கிறது.

வீட்டுக் கோப்பையில் ஊற்றினால் எவ்வளவு வரும்?

ஒருமுறை அளந்து பார்ப்பதைத்தான் நாங்கள் எல்லோருக்கும் சொல்வது. அளவுக் கோப்பையில் 120 மி.லி. எடுத்து, நீங்கள் வழக்கமாகக் குடிக்கும் கோப்பையில் ஊற்றுங்கள். சாதாரணக் காபி மக்கில் அது பாதிகூட வராது. அந்த மக்கில் தாராளமாக ஊற்றினால் 300 மி.லி. பிடிக்கும், அதாவது இரண்டரைப் பரிமாறல்: 430 கலோரி, 12 கிராமுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, 35 கிராம் சேர்த்த சர்க்கரை. நிறைவுற்ற கொழுப்பு நாளுக்கு 13 கிராமுக்குள், சேர்த்த சர்க்கரை பெண்களுக்கு 25 கிராம், ஆண்களுக்கு 36 கிராமுக்குள் இருக்கட்டும் என்பது அமெரிக்க இதயச் சங்கத்தின் பரிந்துரை. ஒரே மக் அந்த நாளின் கணக்கை முடித்துவிடுகிறது.

விருந்துகளில் வைக்கும் 8 அவுன்ஸ் காகிதக் கோப்பை நிறைய என்றால் சரியாக இரண்டு பரிமாறல். ஒரு குவார்ட் கார்ட்டனில் எட்டு, அரை கேலன் கார்ட்டனில் பதினாறு.

சர்க்கரையில் எவ்வளவு பாலிலிருந்து வருவது, எவ்வளவு வெளியிலிருந்து போட்டது?

பாலில் இயல்பாகவே லாக்டோஸ் என்ற சர்க்கரை உண்டு. எக்நாக்கின் கொழுப்பு நீங்கிய பால் திடப்பொருளில் பாதிக்குச் சற்று மேல் லாக்டோஸ்தான். அரைக் கப்புக்கு ஏறத்தாழ 5.7 கிராம் வரும். லேபிளில் மொத்தச் சர்க்கரை 20 கிராம் என்றிருந்தால் மீதி 14 கிராம் வெளியிலிருந்து சேர்த்தது. மூன்றரைத் தேக்கரண்டி சர்க்கரை, அதுவும் அரைக் கப்பில்!

இப்போதெல்லாம் இந்தக் கழித்தலை நீங்கள் செய்யவேண்டியதில்லை. 2020 முதல் பெரிய நிறுவனங்களும் 2021 முதல் சிறியவையும் 'ஆடட் ஷுகர்ஸ்' என்ற வரியைத் தனியாகப் போட வேண்டும். அந்த வரியை மட்டும் பார்த்தால் போதும். பக்கத்தில் உள்ள சதவீதம் நாளுக்கு 50 கிராம் என்ற அளவை வைத்துக் கணக்கிட்டது. 28 சதவீதம் என்றால் 14 கிராம்.

சிலவற்றில் கரும்புச் சர்க்கரைக்குப் பதில் ஹை ஃப்ரக்டோஸ் கார்ன் சிரப் இருக்கும். கிராமுக்குக் கிராம் கலோரி ஒன்றுதான். அதைத் தவிர்ப்பது உங்கள் விருப்பம். ஆனால் 'கார்ன் சிரப் இல்லை' என்று முகப்பில் பெரிதாக எழுதியிருப்பதாலேயே சர்க்கரை குறைவு என்று நினைக்க வேண்டாம்.

லோ ஃபேட், லைட், ரெடியூஸ்டு ஃபேட்: வித்தியாசம் என்ன? வாங்கலாமா?

மூன்றுக்கும் தனித்தனிச் சட்ட அர்த்தம் உண்டு. 'ரெடியூஸ்டு ஃபேட்' என்றால் வழக்கமானதைவிடக் கொழுப்பு 25 சதவீதமாவது குறைவு. 'லோ ஃபேட்' என்றால் ஒரு பரிமாறலுக்கு 3 கிராமுக்கு மிகாத கொழுப்பு. 'லைட்' என்றால் கொழுப்பு பாதியாகவோ, பொருளைப் பொறுத்துக் கலோரி மூன்றில் ஒரு பங்கு குறைவாகவோ இருக்க வேண்டும்.

லோ ஃபேட் எக்நாக்கில் நிறைவுற்ற கொழுப்பு உண்மையிலேயே வெகுவாகக் குறைகிறது. எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ரால் கூடியிருப்பவர்களுக்கு அது நல்ல பலன். ஆனால் சர்க்கரை பெரும்பாலும் முழுக் கொழுப்பு வகைக்குச் சமமாகவே இருக்கும், சிலவற்றில் கூடவும் செய்யும். கொழுப்பில் 5 கிராம் குறைந்தால் மிச்சமாவது 45 கலோரி. 'லோ ஃபேட்தானே' என்று இன்னொரு அரைக் கப் ஊற்றினால் அந்த லாபம் போய் அதற்கு மேலும் ஏறிவிடும். எங்கள் கருத்து: இதய நோய், கொலஸ்ட்ரால் காரணமாக என்றால் லோ ஃபேட் வாங்குங்கள். சர்க்கரை நோய் காரணமாக என்றால் லோ ஃபேட் உங்களுக்கு உதவாது. அளவைக் குறைப்பதுதான் உதவும்.

உண்மையில் எவ்வளவு முட்டை இருக்கிறது?

பலர் நினைப்பதைவிட மிகக் குறைவு. மஞ்சள் கருவில் ஏறத்தாழ பாதி தண்ணீர். 1 சதவீதத் திடப்பொருள் என்றால் 2 சதவீத மஞ்சள் கரு. ஒரு குவார்ட் கார்ட்டனின் எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல் என்பதால் அதில் 20 கிராம் மஞ்சள் கரு. ஒரு பெரிய முட்டையின் மஞ்சள் கரு 17 கிராம். ஆக, சட்டத்தின் குறைந்தபட்ச அளவில் செய்த ஒரு முழுக் கார்ட்டனில் இருப்பது ஒன்றேகால் மஞ்சள் கரு. அரைக் கப்புக்கு ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

அப்படியானால் கொலஸ்ட்ரால் எங்கிருந்து வருகிறது?

இரண்டு பக்கமிருந்தும். மேலே சொன்ன மஞ்சள் கருவிலிருந்து அரைக் கப்புக்கு 28 மி.கி., பால் கொழுப்பிலிருந்து 20 மி.கி.க்குச் சற்று மேல். இதனால்தான் குறைந்தபட்சமே 50 மி.கி. வருகிறது, மஞ்சள் கரு கூடுதலாகச் சேர்க்கும் பிராண்டுகளில் 70-ஐத் தாண்டும். ஒப்பிட்டால், ஒரு முழு முட்டையில் 186 மி.கி. ரத்தக் கொலஸ்ட்ராலைக் குறைக்க நினைப்பவர்கள் இந்த எண்ணைவிட நிறைவுற்ற கொழுப்பு வரியைக் கவனிப்பது மேல். எல்டிஎல்லை ஏற்றுவதில் அதன் பங்கு பெரிது.

நல்ல மஞ்சளாக, கெட்டியாக இருந்தால் முட்டையும் கிரீமும் அதிகம் என்று அர்த்தமா?

இல்லை. சில கார்ட்டன்களின் மூலப்பொருள் பட்டியலில் அனாட்டோ என்ற விதைச் சாயமும் மஞ்சள் தூளும் இருக்கும்; நிறம் அங்கிருந்து வருகிறது. கெட்டித்தன்மைக்கு குவார் கம், கேரஜீனன் போன்றவை. இவை மிகக் குறைந்த அளவிலேயே சேர்க்கப்படுவதால் கலோரியில் மாற்றம் தெரியாது. முட்டை எவ்வளவு என்று அறிய வேண்டுமானால் கொலஸ்ட்ரால் வரியைப் பாருங்கள். கொழுப்பு ஒரே அளவுள்ள இரண்டு கார்ட்டன்களில் எதில் கொலஸ்ட்ரால் அதிகமோ அதில் மஞ்சள் கரு அதிகம்.

டிரான்ஸ் கொழுப்பு 0 என்று போட்டிருக்கிறது. உண்மையா?

அரைக் கிராமுக்குக் கீழே இருந்தால் 0 என்று போட விதி இடம் தருகிறது. பசும்பால் கொழுப்பில் இயல்பாகவே கொஞ்சம் டிரான்ஸ் கொழுப்பு உண்டு. அரைக் கப்பில் கால் கிராம் அளவு இருக்கலாம். பயப்படும் அளவில்லை. ஆனால் இரண்டு கப் குடித்தாலும் 0 தான் என்று எண்ண வேண்டாம்.

இதில் நல்ல சத்து எதுவுமே இல்லையா?

உண்டு. பாலில் உள்ள கால்சியம், பாஸ்பரஸ், பி2, பி12 எல்லாம் இதிலும் இருக்கின்றன. அரைக் கப்பில் 130 முதல் 150 மி.கி. கால்சியம் கிடைக்கும், நாளின் தேவையில் பத்தில் ஒன்று. ஆனால் அதே 170 கலோரியைப் பாலாகக் குடித்தால் 300 மி.கி.க்கு மேல் கால்சியம் கிடைக்கும். சத்துக்காக எக்நாக் குடிப்பது லாபமில்லாத வழி. பிடித்திருந்தால் பண்டிகை இனிப்பாகக் குடியுங்கள். வைட்டமின் டி எல்லா பிராண்டிலும் சேர்ப்பதில்லை, லேபிளைப் பாருங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் குடிக்கலாமா?

அளந்து குடிக்கலாம். அரைக் கப்புக்கு 20 கிராம் மாவுச்சத்து என்று கணக்கில் எடுங்கள். உணவியல் நிபுணர்கள் 15 கிராமை ஒரு பங்காக எண்ணும் முறைப்படி இது ஒன்றேகால் பங்குக்கு மேல். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிப்பவர்கள் தட்டில் அதற்கு ஈடாகச் சோறோ ரொட்டியோ குறைக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: கொழுப்பு இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும். ஜூஸ் குடித்தால் சீக்கிரம் ஏறும் சர்க்கரை, எக்நாக் குடித்தால் பிந்தி ஏறலாம். ஒரு மணி நேரத்தில் பார்த்து 'பரவாயில்லையே' என்று இன்னொரு கோப்பை எடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. இரண்டு, மூன்று மணி நேரம் கழித்தும் பாருங்கள். தாழ் சர்க்கரை (ரத்தச் சர்க்கரை மிகக் குறைந்துபோவது) வந்தால் எக்நாக்கைக் கொடுக்காதீர்கள். அப்போது உடனே வேலை செய்யும் ஜூஸோ குளுக்கோஸோதான் வேண்டும்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு?

லாக்டோஸ் செரிக்காதவர்களுக்கு லாக்டெய்ட் போன்ற பிராண்டுகளில் லாக்டோஸ் நீக்கிய எக்நாக் பருவகாலத்தில் கிடைக்கிறது. லாக்டேஸ் என்ற நொதி லாக்டோஸை குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் பிரித்துவிடுகிறது. சர்க்கரை எங்கும் போவதில்லை, மொத்த எண் அப்படியே இருக்கும். பால் அலர்ஜி, முட்டை அலர்ஜி உள்ளவர்கள் இதையும் தொடக்கூடாது.

சைவம் சாப்பிடுபவர்கள் குடிக்கலாமா?

முட்டை சேர்க்காதவர்களுக்கு ஆகாது. அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த நம் ஊர்க் குடும்பங்களில், பால் வரிசையில் இருப்பதால் பால் பானம் என்று எடுத்துவிடுவது நடக்கிறது. 'எக்நாக்' என்று பெயரிட்ட பால் பானத்தில் மஞ்சள் கரு கட்டாயம் உண்டு. முட்டை சாப்பிடும் சைவர்களும், கண்டிப்பானவர்கள் என்றால், மூலப்பொருளில் 'மோனோ அண்ட் டைகிளிசரைட்ஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். அது தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். லேபிளில் எது என்று சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும்.

சோயா, பாதாம், ஓட்ஸ், தேங்காய்ப்பால் 'நாக்' வகைகள்?

முட்டை இல்லாததால் இவற்றை 'நாக்' என்று மட்டும் விற்கிறார்கள். கொலஸ்ட்ரால் கிடையாது. கலோரியும் பெரும்பாலும் குறைவு. ஆனால் பாதாம், தேங்காய் வகைகளில் புரதம் மிகச் சொற்பம். தேங்காய் வகையில் நிறைவுற்ற கொழுப்பு இருக்கும். சேர்த்த சர்க்கரை வரியை இங்கும் விடாமல் பாருங்கள்.

பச்சை முட்டை இருக்குமா? கர்ப்பிணிகள், குழந்தைகள் குடிக்கலாமா?

கடையில் விற்பது பாஸ்சுரைஸ் செய்தது, அதாவது கிருமிகள் சாகும்படி சூடாக்கியது. எக்நாக் பாலைவிடக் கெட்டியாகவும் இனிப்பாகவும் இருப்பதால் அமெரிக்க விதிகள் அதற்குப் பாலைவிட அதிகச் சூடு கேட்கின்றன: 69 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம், அல்லது 80 டிகிரியில் 25 விநாடி, அல்லது 83 டிகிரியில் 15 விநாடி. 'அல்ட்ரா பாஸ்சுரைஸ்டு' என்றிருந்தால் 138 டிகிரியில் 2 விநாடி. ஆகவே சால்மோனெல்லா என்ற கிருமி பற்றிய பயம் இல்லாமல் கர்ப்பிணிகள் குடிக்கலாம். வீட்டில் பச்சை முட்டை அடித்துச் செய்ததை மட்டும் தவிர்க்க வேண்டும். முட்டையும் பாலும் சேர்ந்த கலவையை 71 டிகிரி வரை சூடாக்கிய பிறகே பாதுகாப்பு. ரம் ஊற்றினால் கிருமி செத்துவிடும் என்று நம்பாதீர்கள்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சேர்த்த சர்க்கரையே வேண்டாம் என்பது அமெரிக்க உணவு வழிகாட்டல். எனவே எக்நாக்கும் வேண்டாம்.

ரம், பிராந்தி கலந்தால் எவ்வளவு கூடும்?

40 சதவீத மது 44 மி.லி. ஊற்றினால் 97 கலோரி கூடும், முழுவதும் ஆல்கஹாலிலிருந்து. மதுக்கடையில் பாட்டிலில் விற்கும் மது கலந்த எக்நாக்கில் ஊட்டச்சத்து அட்டவணை போடக் கட்டாயம் இல்லை, பெரும்பாலும் இருக்காது. கணக்கு முக்கியம் என்றால் மதுவில்லாத கார்ட்டன் வாங்கி நீங்களே அளந்து கலப்பது தெளிவு. இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகைச் சர்க்கரை நோய் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு மது பல மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தலாம். இனிப்புப் பானம்தானே என்று அசட்டையாக இருக்கக் கூடாது.

ருசி கெடாமல் குறைத்துக் குடிக்க வழி?

60 மி.லி. எக்நாக், 60 மி.லி. கொழுப்பு நீக்கிய பால். கலோரி 107, கொழுப்பு 4 கிராம், சேர்த்த சர்க்கரை 7 கிராம் என்று இறங்கும், புரதம் குறையாது. மேலே ஜாதிக்காயைப் புதிதாகத் துருவினால் நீர்த்தது தெரியாது. தண்ணீரோ ஐஸோ சேர்த்தால் சப்பென்று போய்விடும், பால்தான் சரி. காபியில் கிரீமுக்குப் பதிலாக 2 மேசைக்கரண்டி ஊற்றினால் 43 கலோரி. சர்க்கரை தனியாகப் போட வேண்டாம். சூடாக்குவதானால் சிறு தீயில் கிளறிக்கொண்டே ஆவி பறக்கும்வரை மட்டும். கொதிக்கவிட்டால் முட்டைப் புரதம் திரிந்து திப்பிதிப்பியாகும். சத்து போகாது, ஆனால் குடிக்க நன்றாக இருக்காது.

மிஞ்சியதை என்ன செய்வது?

திறந்த கார்ட்டனை 4 டிகிரிக்குள் வைத்து 3 முதல் 5 நாளில் முடியுங்கள். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்ததைத் திரும்பக் குளிர்பெட்டியில் வைக்காமல் கொட்டிவிடுங்கள். உறைய வைத்தால் ஆறு மாதம் தாங்கும். உருகும்போது நீர் பிரியும். மிக்சியில் ஒரு சுற்று சுற்றினால் ஓரளவு சேரும். அதை நேரே குடிப்பதைவிடப் பிரெஞ்சு டோஸ்ட், பிரட் புட்டிங், கேக்குக்குப் பயன்படுத்தலாம். பாலுக்குப் பதில் ஒரு கப் எக்நாக் ஊற்றினால் செய்முறையில் உள்ள சர்க்கரையில் 2 மேசைக்கரண்டி குறையுங்கள், வெண்ணெயிலும் 2 தேக்கரண்டி குறைக்கலாம்.